நல்ல தண்ணீர் இருந்த வீடு

திரேஸ்புரத்தில் தண்ணீர் என்ற சொல் தனியாக நிற்பதில்லை. கடலில் இருப்பது உப்புத் தண்ணீர். குடத்தில் வருவது நல்ல தண்ணீர். தூத்துக்குடி நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு பக்கிள் ஓடை கடலில் சேருகிற இடம் இந்தக் கரைதான். நகரத்தைச் சுற்றி உப்பளங்கள். நாட்டுப் படகுகள் அணைகிற துறையில் நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. சங்கு குளிக்கப் போனவர் நாள் முழுக்கக் கடலுக்குள் இருந்துவிட்டு, தோலில் உப்புப் பூத்துக் கரையேறுவார். அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு வாளி நல்ல தண்ணீர். தலையில் ஊற்றிக்கொண்டால் உடம்புச் சூடு இறங்கும். கண்ணெரிச்சல் அடங்கும். இந்தக் கரையின் சுகம் அந்த வாளியில் தொடங்குகிறது.

கடலைப் பார்த்த மாளிகை, குடும்பத்தோடு தங்க அறைகள், எண்ணெய் தேய்த்துவிட ஆட்கள், நீர்ச் சிகிச்சை, குழந்தைகளுக்கென்று தனிக் குளம் என்று இன்று உலகம் முழுவதும் விற்கப்படும் சொகுசு விடுதி நம் கடலுக்கு எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியபோது, இரண்டு வீடுகளிடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டுமே மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையின் மேற்குக் கரையில் இருப்பவை. அடுத்தடுத்து ஆளுநர்களாக இருந்த இரண்டு ஆங்கிலேயர்கள் சில ஆண்டு இடைவெளியில் கட்டியவை. ஒன்று அரிப்பில் இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. மற்றொன்று கல்கிசையில் மவுண்ட் லவினியா ஹோட்டலாக விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்று ஏன் அழிந்தது, மற்றொன்று ஏன் பிழைத்தது என்ற கேள்விக்குள் தூத்துக்குடியின் முத்துக்குளிப்பும் ரயிலும் நல்ல தண்ணீரும் வந்து சேர்ந்துகொள்கின்றன.

முதலில் அரிப்பு. மன்னாருக்குத் தெற்கே, அருவி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஊர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று பெயர் பெற்று அனுராதபுரத்தைத் தொட்டு வருகிற ஆறு அது. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1679 அக்டோபரில் காட்டு வழியே தப்பி வந்தது இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டுதான். அவர் வந்து சேர்ந்த இடம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டை. ஆறு இருந்ததால் அவருக்கு வழி இருந்தது. அதே ஆறு இருந்ததால் அரிப்பில் நல்ல தண்ணீரும் இருந்தது.

அந்தத் தண்ணீரின் மதிப்பை அறிய முத்துக்குளிப்பு நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முத்துச் சிப்பி கடலடியில் பாறை பரந்த திட்டுகளில் ஒட்டி வளர்கிறது. அந்தத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில் அவை கிடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களே குளிப்புக்கு ஏற்றவை. இரவில் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் போய், விடியும்போது பாரின் மேல் நிற்பார்கள். நடுப்பகல் தாண்டிக் கடல்காற்று எழும்பியதும் அதே பாயில் திரும்புவார்கள். குளிப்பவர் கனத்த கல் ஒன்றில் காலை மாட்டிக்கொண்டு இறங்குவார். இடுப்பிலோ கழுத்திலோ ஒரு வலைப் பை. ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். ஒரு நாளில் இப்படி நாற்பது ஐம்பது முறை.

மேலே கயிறு பிடிப்பவர் யார் என்பதில் இந்தக் கரைக்கு ஒரு வழக்கு உண்டு. மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வருவார்கள். அண்ணன் தம்பிக்குப் பங்குச் சண்டை இருக்கலாம். தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை மச்சான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். ஒரு நிமிட மூச்சுக்கு மேலே ஒரு குடும்பம் கயிறாக நின்றிருக்கிறது. விடுதிகள் 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று அழைப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறு நினைவுக்கு வருகிறது. முத்துக்குளிப்பில் குடும்பம் என்பது உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடு.

சுறாவுக்கு அஞ்சியவர்கள், கடல்கட்டி என்ற மந்திரவாதி வந்து மந்திரம் சொன்ன பிறகே இறங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல் வழியே போன மார்க்கோ போலோ, அப்படி மந்திரிப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் போனதாக எழுதினார். பின்னால் வந்த அரசுகளின் பசி பெரிது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இலங்கை அரசு சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது. குளித்தவர்களுக்கு மிஞ்சியது ஒரு பங்கு.

குளிப்புக் காலம் அறிவிக்கப்பட்டதும் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, இராமேஸ்வரம் கரைகளிலிருந்து தோணிகள் அக்கரைக்குப் போகும். அரிப்புக்குத் தெற்கே கொண்டச்சி, சிலாவத்துறைப் பக்கத்து வெறும் மணலில் ஓலையும் கம்பும் கொண்டு ஒரு நகரம் எழும்பும். குளிப்பவர், தோணிக்காரர், முத்து வணிகர், வட்டிக்காரர், துளையிடுவோர், சாப்பாட்டுக் கடைக்காரர் எனப் பல்லாயிரம் பேர். சில வாரங்களில் அந்த நகரம் இருந்த தடயமே தெரியாமல் போய்விடும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படையதிகாரி ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். கொண்டச்சியில் தண்ணீர் உவர்ப்பு. குடிப்பதற்கு ஏறத்தாழ நான்கு மைல் தள்ளியிருந்த அரிப்பிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் கூடிய முகாம் உவர்நீர்ப் பக்கத்தில். நல்ல தண்ணீர் அரிப்பில். ஆளுநரின் மாளிகை எழுந்ததும் அரிப்பில்தான்.

அதைக் கட்டியவர் பிரெடரிக் நார்த். இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர். 1798 முதல் 1805 வரை பதவியில் இருந்தார். டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு வந்த உடனே, 1796 தொடங்கி மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் முத்துக்குளிப்பு நடந்தது. கொட்டிய வருவாய் அதிகாரிகளின் கண்ணைப் பறித்தது. பார்களுக்கு ஓய்வு கொடுக்காமல் சுரண்டியதால் சிப்பி அருகியது. அந்த வருவாயைக் கண்காணிக்க ஆளுநர் நேரில் வந்து தங்குவதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையில் எழும்பியது அரிப்பு மாளிகை. கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணித் தூண்களை வைத்துக் கட்டியதால் 'டோரிக்' என்றே பெயர் நின்றுவிட்டது.

மன்னார் மணலில் கிரேக்கத் தூண் எதற்கு? நார்த்தின் வாழ்க்கையில் விடை இருக்கிறது. இலங்கைக்கு வருமுன்பே, 1791இல், கோர்பு தீவில் கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். பின்னாளில் கில்போர்டு பிரபுவாகி, அதே தீவில் 1824இல் ஐயோனியக் கல்விக்கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. கிரேக்கத்தின் மேல் அவருக்கிருந்த காதல் முத்து வருவாயின் துணையோடு அரிப்பின் குன்றில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றது. 1799 முதல் 1804 வரை இலங்கையில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கார்டினர், 1807இல் வெளியான தம் நூலில் அந்தத் தீவிலேயே மிக அழகான கட்டடமாக இதைக் கொண்டாடுகிறார்.

கட்டிய பொருளைக் கவனிக்க வேண்டும். செங்கல் சுவர், மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்பு. பளிங்கு போல மின்னும்படி தேய்த்த பூச்சு. கிரேக்க வடிவம் ஆளுநருடையதாக இருக்கலாம், பூச்சு நம்முடையது. ஆங்கிலேயர் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வியந்து எழுதியது இதைத்தான். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துக் கண்ணாடியாக்குகிற கைவேலை. அதே வேலை பின்னாளில் செட்டிநாட்டு வீடுகளில் உச்சம் தொட்டது. கானாடுகாத்தானில் தகப்பனார் ஒருவர் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு இன்று 'விசாலம்' என்ற பெயரில் விடுதியாக நடக்கிறது. அங்கே தங்குகிறவர்கள் தடவிப் பார்க்கும் குளிர்ந்த சுவரும் கிளிஞ்சல் சுண்ணாம்பின் வழிவந்ததுதான். வெயில் கொளுத்தும் நாட்டில் அந்தச் சுவரே பாதிச் சொகுசு. கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

மாளிகையின் சுவர் சிப்பியால் பளபளத்த காலத்தில், முகாமில் சிப்பி என்னவாக இருந்தது என்பதையும் கார்டினர் விட்டுவைக்கவில்லை. முத்தை எடுக்கச் சிப்பியைத் திறந்து பார்ப்பதில்லை. குவித்துப் போட்டு அழுக விடுவார்கள். நாட்கணக்கில் வெயிலில் அழுகி, ஈ மொய்த்து, புழு வைத்துச் சதை கரைந்த பிறகு, தோணி வடிவத்தில் குடைந்த மரத் தொட்டிகளில் கடல் தண்ணீர் விட்டு அலசுவார்கள். தொட்டியின் இரு பக்கமும் கூலியாட்கள் வரிசையாக உட்கார்ந்து அந்தக் கூழுக்குள் கைவிட்டுப் பிசைவார்கள். மேற்பார்வைக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். முத்தை வாயில் போட்டுக்கொள்வார்களோ என்ற சந்தேகத்தில், வேலை நேரத்தில் கையை வாய்ப்பக்கம் உயர்த்தவே தடை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது. நூறு ஆண்டுக்குப் பிறகு, 1906இல், இளம் அதிகாரியாக மரிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்த லெனார்டு உல்ஃப் தம் தன்வரலாற்றில் எழுதிய நாற்றமும் இதேதான். சிப்பிகளை எண்ணிப் பங்கிடும் 'கொட்டு' என்ற அடைப்பில் அவர் இரவும் பகலும் நின்றிருக்கிறார்.

தொட்டி, தண்ணீர், வரிசையாக மனித உடல்கள், பக்கத்தில் கவனித்துக்கொள்ள ஆட்கள்: குளியல் விடுதி ஒன்றின் உறுப்புகள் எல்லாம் கொண்டச்சி முகாமில் இருந்திருக்கின்றன. சுகம் மட்டும் நான்கு மைல் வடக்கே இருந்தது.

ஆங்கிலேயருக்குக் கடல் ஓரத்தில் வீடு கட்டும் ஆசை வந்த காலமும் முக்கியம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் கடல் என்பது மீனவரும் மாலுமியும் புழங்கும் இடம். நோய்க்குத் தண்ணீர் தேடிப் போனவர்கள் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்கோ, பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரின் கனிம ஊற்றுக்கோ போனார்கள். 'ஸ்பா' என்று இன்று நாம் சொல்லும் சொல் அந்த ஊரின் பெயர்தான். 1750இல் ரிச்சர்டு ரஸல் என்ற மருத்துவர் கடல் தண்ணீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் சுரப்பி நோய்களுக்கு மருந்து என்று எழுதினார். செல்வர்கள் பிரைட்டன் கரைக்குப் படையெடுத்தார்கள். இளவரசரே அங்கே மாளிகை கட்டினார். அந்தத் தலைமுறையில் வளர்ந்தவர்கள்தான் இலங்கையை ஆள வந்தார்கள். கடல்காற்று உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை அவர்கள் பெட்டியோடு கூடவே வந்தது.

தமிழருக்குக் கடல் குளியல் புதிதன்று. ஆனால் நம் குளியலுக்கு வேறு ஒழுங்கு. திருச்செந்தூரில் கடலாடிவிட்டு யாரும் அப்படியே கோயிலுக்குள் போவதில்லை. பக்கத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. அலை அடிக்கும் தூரத்தில், ஒரு முழம் அகலம்கூட இல்லாத சிறு கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதை ஊற்றிக்கொண்ட பிறகே குளியல் முடிகிறது. இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் என்ற கடலில் மூழ்கி எழுந்து, கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். முதலில் உப்பு, பிறகு நல்ல தண்ணீர். கடற்கரையில் வாழ்ந்தவர்களின் உடம்பு அறிந்த வரிசை இது. குழந்தை, கிழவி, புதுமணத் தம்பதி என்று குடும்பமே ஈரத் துணியோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஓடுவதைப் பார்த்தவர்கள், குடும்பத்துக்கேற்ற குளியல் தலம் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. நம் ஸ்பா வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் நாழிக்கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது வீட்டுக்கு வருவோம். நார்த்துக்குப் பின் 1805இல் ஆளுநராக வந்தவர் தாமஸ் மெயிட்லண்ட். கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மேட்டு நிலம் அவரைக் கவர்ந்தது. 1806இல் அங்கே வீடு எழுந்தது. போர்த்துக்கீசிய, சிங்களக் கலப்பில் பிறந்த லவினியா என்ற ஆடல் பெண்ணை அவர் காதலித்தார் என்றும், அவள் வந்து போக மது நிலவறையிலிருந்து சுரங்கம் வெட்டினார் என்றும், அவள் பெயரே ஊருக்கு நின்றது என்றும் விடுதியில் கதை சொல்கிறார்கள். பறவை பெயரைக் கொண்ட 'லிஹினியா கந்த' என்ற சிங்களப் பெயர் திரிந்து லவினியா ஆனது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இடப்பெயர் வரலாறு படித்தவன் என்ற முறையில் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். காதல் கதையை விட்டுக்கொடுக்க விருந்தினருக்கு மனம் வராது என்பதும் தெரியும்.

1820களில் ஆளுநராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் அந்த வீட்டைப் பெரிய மாளிகையாக விரித்தார். கண்டிச் சாலையைப் போட்டவரும் அவர்தான். லண்டனில் இருந்தவர்களுக்கு இந்தச் செலவு பிடிக்கவில்லை. 1842இல் மாளிகை ஏலத்துக்குப் போனது. ஆளுநர் வாழ்ந்த வீடு தனியார் கைக்கு மாறி, பல பயன்பாடுகளைக் கண்டது. இன்னொரு ஒற்றுமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. மெயிட்லண்டும் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது நார்த் கல்விக்கழகம் தொடங்கிய ஐயோனியத் தீவுகளின் ஆட்சியாளராகத்தான். இலங்கைக் கடலோரம் வீடு கட்டிய இருவரின் பிற்கால வாழ்க்கையும் ஒரே மத்தியதரைக் கடல் தீவுக்கூட்டத்தைத் தொட்டிருக்கிறது.

ஏலம் போன வீடு எப்படி விடுதியானது? இங்கேதான் தூத்துக்குடி வருகிறது. 1876 சனவரியில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறந்தது. சென்னையில் ஏறியவர் தூத்துக்குடிக் கரையில் இறங்கலாம் என்றானது. கரைக்கடல் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் பெட்டிகளும் சிறு படகில் போய் ஏறுவார்கள். மறுநாள் கொழும்பு. அடுத்த ஆண்டு, 1877இல், கொழும்பிலிருந்து மவுண்ட் லவினியா வரை ரயில் நீண்டது. அதே ஆண்டில் அந்த மாளிகை விடுதியானதாகச் சொல்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாறக் காத்திருக்கும் பயணி ரயிலேறிக் கடலோரமாகவே போய், மாளிகைத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கும் வரை தென்னிந்தியாவுக்கும் கொழும்புக்கும் இடையில் பெரும் வாசல் தூத்துக்குடிதான். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற கப்பல்களை இந்த வழியில் விட்டதன் முழுப் பொருளும் அப்போதுதான் விளங்கும். தேயிலைத் தோட்டத்துக் கூலியும் துரையும் வியாபாரியும் ஒரே துறையில் கப்பலேறினார்கள். கடலோர விடுதிகளின் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதி திரேஸ்புரத்துக்குத் தெற்கே நம் கரை வழியாகப் போனவர்கள். அவர்களைக் கப்பல் வரை கொண்டுபோய் விட்ட படகுக் கூலியில் நம்மவர் கை இருந்தது.

அரிப்புக்கு ரயில் வரவில்லை, துறைமுகம் இல்லை, சாலைகூட ஒழுங்காக இல்லை. அந்த வீட்டுக்கு ஆள் வர ஒரே காரணம் முத்து. முத்தோ சொல்லிவைத்து வருவதில்லை. சிப்பிக் குஞ்சுகள் ஓர் ஆண்டு பார் நிறைய ஒட்டும். அடுத்த ஆண்டு நீரோட்டம் மணலை அள்ளி மூடிவிடும். அல்லது மீன் கூட்டம் தின்று தீர்க்கும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று குளிப்பே இல்லாமல் போன காலங்கள் உண்டு. 1902இல் உயிரியல் அறிஞர் ஹெர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்தார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, இந்தக் கடலின் முத்தையும் சங்கையும் படகையும் பற்றி அருமையான பதிவுகளை விட்டுச் சென்றார். 1905இல் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 பேர் குளித்தார்கள். நம் கரையோரத்தாரோடு பாரசீக வளைகுடாவின் அரபியரும் இருந்தார்கள். மயக்கம் தலைக்கேறி, 1906இல் பார்களை லண்டன் கம்பெனி ஒன்று 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. விரைவிலேயே கடல் கையை மூடிக்கொண்டது. குத்தகை முடியும் முன்பே கம்பெனி நொடித்துப்போனது. 1925இல் மறுபடி ஒரு குளிப்பு. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961இல் நடந்தது கடைசி. அதன் பிறகு இந்தக் கரையில் குளிப்பு என்றால் சங்குக் குளிப்புதான்.

ஒரு வீட்டின் வாழ்வு அதன் அழகில் இல்லை என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. கார்டினர் கண்ணுக்கு இலங்கையிலேயே அழகானது அரிப்பு வீடு. நல்ல தண்ணீரும் அதற்கு இருந்தது. ஆனால் அதன் கதவு ஒரே ஒரு விருந்தினருக்கும் அவர் கூட்டத்துக்கும் மட்டும் திறந்தது. கல்கிசை வீட்டுக்கோ ரயில் வந்தது. ரயிலோடு கட்டணம் கொடுப்பவர்கள் எல்லோரும் வந்தார்கள். முதலில் வெள்ளையர், பிறகு கொழும்பின் நடுத்தர வர்க்கம், சுதந்திரத்துக்குப் பின் எல்லா இனத்தவரும். 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் மருத்துவமனையாகக் காட்டப்படுவது இந்த விடுதிதான். இன்று கொழும்புக் குடும்பங்களின் திருமண வரவேற்புகள் அங்கே நடக்கின்றன. கடலைப் பார்த்த நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கூத்தடிக்கிறார்கள். ஸ்பாவில் எண்ணெய்க் குளியல் உண்டு. ஆளுநர் ஒருவர் ஊர் கண்ணுக்குத் தப்பி ஒதுங்கியதாகக் கதை சொல்லும் வீடு, பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் கூடும் இடமாக மாறியதை நான் இழப்பாக நினைக்கவில்லை. அந்த மாளிகைக்கு நேர்ந்த நல்லது அதுதான்.

கட்டணம் கொடுத்தால் திறக்கும் கதவு என்பதும் ஒரு கதவுதானே என்ற உறுத்தல் இருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு அதற்கு விடை குற்றாலத்தில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கு மலையில் சாரல் விழுந்தால் போதும்; கடற்கரையிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே பங்களா கட்டினார்கள். திருவிதாங்கூர் அரசருக்கு அரண்மனை இருந்தது. ஜமீன்தார்களும் வீடு வைத்திருந்தார்கள். அருவியை மட்டும் யாரும் வீட்டுக்குள் அடைக்க முடியவில்லை. பேரருவிக்குக் கீழே அரசர் தலையில் விழுந்த தண்ணீர்தான் வலை இழுப்பவர் தலையிலும் விழுகிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, பிறகு போய் அருவிக்குள் நின்றால், உப்பில் ஊறிய உடம்பு ஓர் ஆண்டுக்கான கடனைத் தீர்த்துக்கொள்கிறது.

ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் குடியேறி, 1954இல் மறையும் வரை அங்கேதான் இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். குளியல், சாப்பாடு, கவிதை, மறுபடி குளியல் என்று அந்த வீட்டில் நாள் போனதை அவர் நண்பர்கள் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார்கள். மலையடிவாரத்து வீடு, அருவி நீர், வேளைக்கு வேளை உபசரிப்பு. விலைப்பட்டியல் மட்டும் கிடையாது. விருந்தோம்பல் விடுதித் தொழிலாக மாறும் முன் அதன் முகம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள மிக நல்ல சான்றாக அந்த வீட்டைச் சொல்வேன்.

குற்றாலம் ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாட்களுக்கு? தூத்துக்குடிக்கு நல்ல தண்ணீர் வந்த கதை தனியே எழுதப்பட வேண்டியது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1927இல் அது நிறைவேறியது. முத்துக் குளித்த பரதவ சமுதாயத்தில் பிறந்தவர் அவர். எத்தனையோ ஆளுநர்கள் முத்து வருவாயை எண்ணிக்கொண்டு போன கரைக்கு, பொதிகையில் பிறந்த ஆற்றைக் குழாயில் அழைத்து வந்தவர் அந்தக் கரையின் மகன். ஊர் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று அழைக்கிறது. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அந்தப் பட்டம் மிகையென்று சொல்ல மாட்டாள்.

இன்றைய சங்கு குளிப்பவர்களின் நிலை பழைய ஒரு நிமிட மூச்சிலிருந்து மாறிவிட்டது. படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. ரப்பர் குழாய் வழியே காற்று கீழே போகிறது. நெடுநேரம் கடலடியில் இருக்க முடிகிறது. அதற்கு விலையும் உண்டு. ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து மூட்டிலும் தண்டுவடத்திலும் தங்கிவிடும். கால் விழுந்தவர்கள் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. அழுத்த அறையில் வைத்து அழுத்தத்தை ஏற்றி, பிறகு மெல்ல மெல்லக் குறைப்பதுதான் இதற்கு முறையான சிகிச்சை. அதே அழுத்த அறை வேறு ஊர்களில் பணக்கார நலவாழ்வு விடுதிகளில் இளமை காக்கும் சிகிச்சை என்று விலை போகிறது. நீரையும் காற்றையும் கொண்டு உடம்பைத் தேற்றும் அறிவு முதலில் யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்டால், இந்தக் கரையைக் கைகாட்டுவேன். சங்கு எடுப்பவர் மூட்டு வலியோடு கரையேறும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

அரிப்பு மாளிகை நிற்கும் மண்மேட்டை அலை அரித்துக்கொண்டே வருகிறது. சில தூண் தண்டுகளும் செங்கல் சுவர்களும் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பக்கம் ஏற்கெனவே சரிந்துவிட்டது. சிப்பி சுட்ட பூச்சு உதிர்ந்து மணலில் கலக்கிறது. அங்குள்ள தமிழ் மீனவர்களிடம் நார்த்தின் வீடு எது என்று கேட்டால் வழி தெரியாது. அல்லிராணிக் கோட்டை என்று கேட்க வேண்டும். கதைப் பாடல்களில் வாழும் அந்தப் பெண்ணரசி, ஆண் துணை இல்லாமல் ஆண்டவள், முத்துக் கடலுக்குச் சொந்தக்காரி. குதிரைமலையில் அவள் தலைநகர் இருந்ததென்றும், இந்தக் கோட்டையில் அவள் வந்து தங்கினாளென்றும் சொல்வார்கள். காலக்கணக்குப்படி பார்த்தால் அது பிழை; தொல்லியல் அறிந்தவர்கள் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவர் ஓரமாகப் போகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள்.